நூற்றுப் பதினேழாம் பில்லை

அந்த மீன் கம்பெனியை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தால் பெரியவள் பிழைத்துப் போயிருப்பாள். யாரும் இடிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் மீனை உறையவைத்துப் பெட்டி கட்டி அனுப்பிய கட்டடம், கம்பெனியை மூடிய பிறகு கொஞ்ச காலம் தானியக் கிடங்காக இருந்தது. அப்புறம் கட்டில் பீரோ அடுக்கும் கோடவுன். அப்புறம் புறாக்களுக்குச் சொந்த வீடு. இடிந்து தொலையட்டும், இடிந்து தொலையட்டும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது குத்துக்கல் மாதிரி நின்றது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் அதை வாங்கி, சுவரைச் சுரண்டி, கண்ணாடி போட்டு, கம்ப்யூட்டர் ஆபீசும் காபிக் கடையுமாக மாற்றிவிட்டார். மாற்றினால் மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே? கட்டடத்தின் வரலாற்றை வாசல் சுவரில் எழுதப்போகிறார்களாம். அதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறார்களாம்.

அந்தப் பெண்தான் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, நீங்க அங்க பதினோரு வருஷம் பேக்கிங்ல இருந்தீங்களாமே. உங்க குரல்லயே பழைய ஞாபகங்களைப் பதிவு பண்ணணும். வர்றவங்க பட்டனை அமுக்கினா கேக்கற மாதிரி."

"எனக்கு ஞாபகமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"வேலை, சிரிப்பு, கிண்டல், எதுவானாலும் சொல்லுங்க ஆன்ட்டி. அப்புறம்... கோல்டு ரூம் கதவுக்குப் பக்கத்துல உங்க தங்கச்சிக்காக ஒரு பித்தளைத் தகடு வைக்கிறோம். என்ன எழுதப்போறோம்னு படிக்கட்டுமா?"

படித்தாள். 'இந்த அறையில், மெக்கானிக்கின் கவனக்குறைவால், பத்தொன்பது வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.' ஒரே வரி. வியாழக்கிழமை தகடு வெட்டக் கொடுக்கிறார்களாம். புதன்கிழமை அந்த மெக்கானிக்கும் வருகிறாராம், பேசச் சம்மதித்துவிட்டாராம்.

பெரியவள் அடுப்பை அணைத்தாள். முப்பத்தோரு வருஷமாக அது வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தது. பேசினவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தால் பேச்சும் போய்விடும் என்று நினைத்திருந்தாள். பித்தளையில் வெட்டினால் எங்கே போகும்? அந்த மனுஷன் செத்த பிறகும் அங்கேயே இருக்கும். காபி குடிக்க வருகிறவன் எல்லாம் படித்துவிட்டு உச்சுக்கொட்டுவான். அத்தனையும் பொய். பொய் என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒரே ஒருத்தி, அவள் அடுப்படியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வர்றேம்மா. புதன்கிழமையே வர்றேன்," என்றாள்.

தனியாகப் போகத் தைரியமில்லை. ரேடியோவைக் கூட்டிக்கொண்டு போனாள். ரேடியோ என்பது ஒரு பொம்பளை. அந்தக் காலத்தில் பேக்கிங் மேஜையில் பெரியவளுக்கு எதிரே நின்று, காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் மூடுவாள். முட்டி இரண்டும் தேய்ந்துபோயும் வாய் மட்டும் தேயவில்லை.

"ஐயோ, இங்க பாருடி! நாம குடலெடுத்த மேஜை மேல உக்காந்து கேக் தின்னுதுங்க!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாங்களோ! நம்ம கையில அந்த வாடை போக மூணு வருஷமாச்சு. என் வீட்டுக்காரர் பூனை மாதிரி என் பின்னாலேயே சுத்தினார்னா சும்மாவா?"

மீன் கழுவின தண்ணீர் ஓடும் சாக்கடைக் கால்வாய் தரையில் அப்படியே இருந்தது. அதன்மேல் தடிக் கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கு எரியவிட்டிருந்தார்கள். பெரியவள் அதை மிதிக்காமல் தாண்டி நடந்தாள். வெயில் காலம்தான், ஆனாலும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எந்தக் காலமானாலும் அவளுக்குச் சால்வை வேண்டும்.

நடையின் கடைசியில் கோல்டு ரூம் கதவு. நாலு விரற்கடை தடிமனில் அதே இரும்புக் கதவு, புதுச் சாயம். பக்கத்துச் சுவரில் அதே மரப்பலகை, நாலு வரிசையாக நாற்பது ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பித்தளைப் பில்லை, நம்பர் போட்டு, பளபளவென்று. அலங்காரத்துக்காம்.

ரேடியோ சட்டென்று நின்றாள். "எதுக்குடி இதை மாட்டி வச்சிருக்கானுங்க?" என்றாள்.

அந்தப் பலகைதான் எல்லாமே. மைனஸ் இருபது டிகிரி அறைக்குள் போகிறவள் இடுப்பில் இருக்கும் தன் பில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் அண்ணன் கதவைப் பூட்டுவதற்கு முன்னால் பலகையைப் பார்ப்பார். காலியாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை. ஒரு பில்லை தொங்கினாலும் பூட்டக் கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பத்து நிமிஷம் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவளுக்கு விரல் விரலாகவா இருக்கும்? மரத்துப்போய்க் கட்டை மாதிரி நிற்கும். ஒவ்வொருத்தியும் பலகைக்கு முன்னால் நின்று தடவித் தடவி எடுத்தால் விடிந்துவிடும். அதனால் பேக்கிங் பெண்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. முதலில் வெளியே வருகிறவள் எல்லார் பில்லையையும் ஒரே வழியாக ஏப்ரனில் வழித்துப் போட்டுக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்குப் போய் அங்கே பிரித்துக் கொடுப்பாள். மெக்கானிக் அண்ணன் பார்த்தால் கத்துவார். "என்னைக்காவது எவளாவது மாட்டிக்கப் போறீங்கடி!" என்பார். அவர் தலை மறைந்ததும் மறுபடி அதேதான்.

பெரியவளுக்கு நூற்றுப் பதினாறு. அவள் தங்கைக்கு நூற்றுப் பதினேழு. கம்பெனியே அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிட்டது. உள்ளே போகும் பெண்களுக்குக் கம்பெனி கோட்டுக் கொடுக்காது. அவரவர் ஸ்வெட்டர்தான். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர், அரக்கு நிறம். ஒரு நாள் இவள், ஒரு நாள் அவள். அந்தச் சனிக்கிழமை சின்னவள் முறை. பெரியவள் விடியற்காலையிலேயே எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"இன்னைக்கு என் நாளு! கழட்டுடி!"

"முந்தி எந்திரிச்சவளுக்குத்தான். போடி."

அவ்வளவுதான் சண்டை. அன்றைக்கு முழுவதும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு மணிக்குக் கடைசி அடுக்கு. பெட்டி தூக்கித் தூக்கி உடம்பு சூடேறியதில் பெரியவள் ஸ்வெட்டரைக் கழற்றி உள்ளே ஒரு பெட்டி மேல் போட்டுவிட்டு, அதை மறந்து, முதல் ஆளாக வெளியே வந்தாள். வழக்கப்படி பில்லைகளை வழித்தாள். எல்லாரும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். தொட்டியில் பிரித்துக் கொடுத்தபோது சின்னவளைக் காணோம். கோபத்தில் நேராகச் சித்தி வீட்டுக்குப் போயிருப்பாள், சண்டை போட்டால் அங்கே போய் இரண்டு நாள் உட்கார்ந்துகொள்வதுதானே அவள் வழக்கம் என்று நினைத்துப் பெரியவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, லீவு. மெக்கானிக் அண்ணன் பலகையைப் பார்த்தார். காலி. பூட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏப்ரனைத் துவைக்க எடுத்தபோது, பையில் நூற்றுப் பதினேழு கிடந்தது. ஐயோ, அந்த நேரத்திலாவது அவளுக்குப் புத்தி வந்திருக்கக் கூடாதா? கம்பெனி பத்து நிமிஷ நடைதான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். நல்லா வேணும், திங்கட்கிழமை கேட்டில் பில்லை இல்லாமல் நின்று நாலு திட்டு வாங்கட்டும் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, துணியை அலசிக் காயப்போட்டாள். ஐந்து மணிக்குச் சின்னவளுக்கு உயிர் இருந்ததா, இல்லையா? டாக்டர் எழுதிய காகிதத்தில் அது இருக்கும். இந்த நிமிஷம் வரைக்கும் பெரியவள் அதைப் படித்ததில்லை.

உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் கம்பி உடைந்து நாலு மாசம் ஆகியிருந்தது. ஆர்டர் போட்டிருக்கிறோம், வரும், வரும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை காலை மெக்கானிக் அண்ணன் கதவைத் திறந்து போட்ட கூச்சலில் கம்பெனியே அங்கே ஓடியது. பெரியவள் தங்கை முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று பில்லையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவள், கூட்டத்துக்கு ஓரமாக, பலகைப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். முதலில் தெரிந்தது அரக்கு நிறம். சின்னவள் ஸ்வெட்டருக்காகத்தான் திரும்பி உள்ளே போயிருக்கிறாள். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தாள்.

பெரியவளின் கை தானாக உயர்ந்தது. நூற்றுப் பதினேழை அதன் ஆணியில் மாட்டியது. ஏன் மாட்டினாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது. நெருப்பைக் கையில் வைத்திருப்பவள் கீழே போடுவதற்குக் காரணமா யோசிப்பாள்? ஆனால் அடுத்த நிமிஷம் மேனேஜர் திரும்பினார், பலகையைப் பார்த்தார்.

"பில்லை தொங்குதேடா, குருட்டுப் பயலே! தொங்கும்போதே பூட்டிட்டியா?"

மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, பலகை காலியாக இருந்தது, பலகை காலியாக இருந்தது என்று கத்தினார். விசாரணைக்கு ஆள் வருவதற்குள் கதவுக்குப் புதுக் கம்பி வந்துவிட்டது. விசாரணையில் அவர் அந்த வழக்கத்தைச் சொன்னார். மற்ற பேக்கிங் பெண்கள் முப்பது பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று முப்பது பேரும் சொன்னார்கள். ரேடியோவும்தான். ஒப்புக்கொண்டால் முப்பது பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயம். பெரியவளிடம் யாரும் கேட்கவில்லை. தங்கையைப் பறிகொடுத்தவளை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள். அவருக்கு இரண்டு வருஷம் ஜெயில். பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை. வெளியே வந்த பிறகு சாவி சம்பந்தப்பட்ட எந்த வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை, மூட்டை தூக்கினார். இதெல்லாம் பெரியவளுக்கு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அம்மா இருக்கும்வரை முடியவில்லை. ஒரு பெண்ணைத் தின்றது இன்னொரு பெண்தான் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது? அம்மா போன பிறகு, இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. வருஷம் ஏற ஏற அந்தக் கேள்வியும் ஏறிக்கொண்டே போனது.

"உள்ள வாங்க ஆன்ட்டி," என்று வரலாற்றுப் பெண் கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல பெண்தான், முகத்தில் கள்ளமே இல்லை. "இதுதான் எங்க ரெக்கார்டிங் ரூம். இதுக்காக நாங்க ஒண்ணுமே செலவு பண்ணலை தெரியுமா? அந்தக் காலத்துச் சுவர் அவ்வளவு தடிமன். உள்ள நின்னு எவ்வளவு கத்தினாலும் வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போய், "ஐயோ, ஸாரி ஆன்ட்டி," என்றாள்.

"பரவாயில்லம்மா," என்றாள் பெரியவள். கத்தியிருப்பாள்தானே என்று மட்டும் நினைத்தாள். சின்னவளுக்கு நல்ல கணீரென்ற குரல். தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் கொல்லைப்புறத்தில் கேட்கும்.

அறைக்குள் இப்போது குளிர் இல்லை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மைக். பெரியவள் மைக்கைப் பார்க்கவில்லை, ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்ட மூலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். வழக்கத்தைச் சொன்னாள். சண்டையைச் சொன்னாள். ஐந்து மணிக்குச் சிரித்ததைச் சொன்னாள். மாட்டியதைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. ரேடியோ வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே இது புதுசு.

"அடிப்பாவி," என்றாள் கடைசியில். "அடிப்பாவி, என்கிட்டகூடச் சொல்லலையேடி," என்று அழ ஆரம்பித்தாள்.

வரலாற்றுப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அவர் வெளியதான் இருக்கார். காலையிலேயே பேசி முடிச்சுட்டார். நீங்க வர்றீங்கன்னு சொன்னதும் காத்திருக்கேன்னு சொன்னார். கூப்பிடட்டுமா?"

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மெக்கானிக் அண்ணன் உள்ளே வந்தார். ஆள் பாதியாக வற்றியிருந்தார். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை, கையில் ஒரு துணிப்பை. பெரியவளைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"கும்பிடாதீங்கண்ணே! என்னைப் போய்க் கும்பிடாதீங்க!" என்று அவள் எழுந்து நின்று, நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். அவர் தலையைக் குனிந்து கேட்டார். திட்டுவார், கன்னத்தில் அறைவார், அறையட்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"நீ நல்ல மனசுக்காரி, தங்கச்சி," என்றார். "வயசான காலத்துல இவன் பாரத்தை இறக்கி விடலாம்னு பாக்குறே."

"சத்தியமாண்ணே. இந்தக் கையாலதான் மாட்டினேன்."

"இல்லம்மா. நான்தான் பாத்தேனே. சனிக்கிழமை ரெண்டு மணி. பலகையில ஒத்தப் பில்லை. நூத்திப் பதினேழு. லேசா ஆடிக்கிட்டு இருந்தது. பாத்துக்கிட்டே பூட்டினேன்."

"பலகை காலின்னு அன்னைக்கு நீங்கதானே அடிச்சுச் சொன்னீங்க!"

"சொன்னேன். பயத்துல பொய் சொல்லியிருக்கேன்." பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஜெயில்ல இருந்த ரெண்டு வருஷமும் இதே யோசனைதான். முப்பது பேரு சத்தியம் பண்றாங்க, அப்படி வழக்கமே இல்லைன்னு. முப்பது பேருமா பொய் சொல்வாங்க? அப்போ என் கண்ணுதானே பொய்? அப்படி நினைச்சு நினைச்சு ஒரு நாள் தெரிஞ்சுது. கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் தினமும் தெரியுது."

"அண்ணே, நாங்க முப்பது பேரும் பொய்தாண்ணே சொன்னோம்! வேலை போயிடும்னு சொன்னோம்!" என்று ரேடியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க," என்றார். அதே சிரிப்பு. பிறகு வரலாற்றுப் பெண்ணிடம் திரும்பினார். "காலையில சொன்னேனேம்மா, மறந்துடாதே. தகட்டுல மெக்கானிக்னு மட்டும் போடாதே. என் பேரைப் போடு. யாரோ ஒரு மெக்கானிக்னு நான் தப்பிச்சுக்கக் கூடாது."

பெரியவள் அந்தப் பெண்ணின் கையைப் பற்றினாள். "போட்டுடாதேம்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். போடாதே."

"ஆன்ட்டி, நான் என்ன பண்றது?" என்றாள் அந்தப் பெண். "கோர்ட் பேப்பர்ல இருக்கறதும் அவர் சொல்றதும் ஒண்ணா இருக்கு. நீங்க ஒருத்தர்தான் வேற மாதிரி சொல்றீங்க. மேல கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

காட்ட ஒன்றும் இல்லை. இருந்த ஒரே சாட்சியைத்தான் அன்றைக்கே ஆணியில் மாட்டியாகிவிட்டதே. ஒரு மனுஷனிடமிருந்து வேலையைப் பிடுங்கினாள், பெண்டாட்டி பிள்ளையைப் பிடுங்கினாள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவர் கண்ணால் கண்டதையும் பிடுங்கிக்கொண்டாள் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

எல்லாரும் வெளியே வந்தார்கள். மெக்கானிக் அண்ணன் கடைசியாக வந்து, வாசலில் நின்று தலையை உள்ளே நீட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார். காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். எந்தக் கதவைச் சாத்துவதானாலும் இப்படித்தான் என்பது அவர் செய்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

நாற்பது ஆணியிலும் நாற்பது பில்லை.

அவரால் கதவை மூடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"அதெல்லாம் சும்மா அலங்காரத்துக்கு அங்கிள். நீங்க மூடலாம்," என்றாள் வரலாற்றுப் பெண்.

"தொங்குதேம்மா," என்றார் அவர். "இத்தனை தொங்குதே." நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

பெரியவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். சால்வையின் ஒரு முனையை ஏந்திப் பிடித்துக்கொண்டு, மேல் வரிசையிலிருந்து ஒரே வழியாக வழித்தாள். முப்பத்தோரு வருஷமாகியும் கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. நாலு வரிசையும் சலசலவென்று சால்வைக்குள் விழுந்தன. நூற்றுப் பதினேழும் அதோடு விழுந்தது.

"பாருங்கண்ணே. காலி," என்றாள்.

அவர் ஆணி ஆணியாகப் பார்த்தார். விரலால் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். முகம் மெல்லத் தெளிந்தது.

"ஆமா, காலி," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.